ஸ்டென் துப்பாக்கி: வரலாறும் வடிவமைப்பும்

ஸ்டென் என்பது இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் வடிவமைக்கப்பட்டு, 1941 முதல் பெருமளவில் தயாரிக்கப்பட்ட 9 மில்லிமீட்டர் துணை எந்திரத் துப்பாக்கி ஆகும். பிரித்தானிய, கனடிய, இந்தியப் படைகளும், செர்மனியின் பிடியில் இருந்த ஐரோப்பிய நாடுகளின் எதிர்ப்பு இயக்கங்களும் இதைப் பயன்படுத்தின. ஏறத்தாழ 40 இலட்சம் ஸ்டென்கள் செய்யப்பட்டன. இதன் சிறப்பு துல்லியமோ உறுதியோ அல்ல. மலிவாகவும் விரைவாகவும், சாதாரணப் பட்டறைகளில்கூடச் செய்ய முடிந்ததே இதன் சிறப்பு. இதன் குறைகள் பெரும்பாலானவற்றுக்கும் அதே மலிவுதான் காரணம்.

துணை எந்திரத் துப்பாக்கி என்ற சொல் மாணவர்களைச் சற்றுக் குழப்பக்கூடும். எந்திரத் துப்பாக்கி பெரிய தோட்டாக்களைத் தொடர்ச்சியாகச் சுடுவது, கனமானது, பெரும்பாலும் தாங்கியில் வைத்துச் சுடப்படுவது. துணை எந்திரத் துப்பாக்கியும் தொடர்ச்சியாகச் சுடும். ஆனால் அதில் இடுவது கைத்துப்பாக்கியின் சிறிய தோட்டா. ஒரே ஆள் கையில் ஏந்தி, அருகில் உள்ள இலக்கை நோக்கிச் சுடுவதற்கானது. தொலைவில் உள்ள இலக்குக்கு இது உதவாது. அதற்கு ரைபிள் வேண்டும்.

பெயர்

வடிவமைத்த இருவரின் பெயர்களும், அவர்கள் சார்ந்த ஊரின் பெயரும் சேர்ந்து ஸ்டென் ஆயிற்று. மேஜர் ரெஜினால்ட் ஷெப்பர்ட் என்பவரின் முதல் எழுத்தும், ஹரால்ட் டர்பின் என்பவரின் முதல் எழுத்தும், அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த என்ஃபீல்டின் முதல் இரண்டு எழுத்துகளும் ஆங்கிலத்தில் இணைந்த சொல் இது. ஷெப்பர்ட் ஊலிச்சில் ஆயுத ஆய்வாளராக இருந்தவர். டர்பின் என்ஃபீல்டு வடிவமைப்புப் பிரிவில் முதுநிலை வரைவாளர். அதாவது, பெயரின் ஓர் எழுத்து வரைபலகைக்கு முன் உட்கார்ந்து கோடு போட்ட மனிதருடையது. ஆயுதங்களுக்குத் தளபதிகள் பெயரையும் முதலாளிகள் பெயரையும் சூட்டுவதே வழக்கமாக இருந்த காலத்தில் இது சற்று அபூர்வமானது.

பின்னணி

முதல் உலகப் போரின் இறுதியில், பதுங்குகுழிகளுக்குள் நெருங்கிச் சண்டையிடுவதற்காக செர்மானியர்கள் எம்.பி. 18 என்ற துணை எந்திரத் துப்பாக்கியைக் களமிறக்கினார்கள். அதன் மேம்பட்ட வடிவம் எம்.பி. 28. பிரித்தானிய இராணுவம் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. அமெரிக்காவில் கொள்ளைக் கூட்டத்தார் தாம்சன் துப்பாக்கியுடன் செய்தித்தாள்களில் இடம்பெற்ற காலம் அது. இவ்வகை ஆயுதம் ரவுடிகளுக்கானது, ஒழுங்கான படைக்கு உரியதல்ல என்ற எண்ணம் அதிகாரிகளிடம் வேரூன்றியிருந்தது.

1940 மே மாதம் செர்மன் படை பிரான்சுக்குள் பாய்ந்தபோது அந்த எண்ணம் மாறியது. மே 26 முதல் சூன் 4 வரை டன்கர்க் கடற்கரையிலிருந்து 3,38,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் கப்பல்களிலும் படகுகளிலும் மீட்கப்பட்டனர். ஆட்கள் தப்பினர், தளவாடங்கள் தப்பவில்லை. பீரங்கிகள், வண்டிகள், எந்திரத் துப்பாக்கிகள் என ஏறத்தாழ எல்லாவற்றையும் பிரான்சிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். செர்மானியர் கால்வாயைக் கடந்து எந்த நேரமும் இறங்கலாம் என்ற அச்சம் நிலவிய கோடை அது.

உடனடியாகக் கிடைத்தது அமெரிக்காவின் தாம்சன். 1940 சூலை மாதம் ஹார்ட்ல்பூல் பகுதியைப் பார்வையிட்ட பிரதமர் சர்ச்சில், வாயில் சுருட்டும் கையில் தாம்சனுமாக நின்ற படம் புகழ்பெற்றது. செர்மன் பரப்புரையாளர்கள் அதையே எடுத்து, சர்ச்சில் ஒரு கொள்ளைக்காரர் என்று காட்டத் துண்டறிக்கை அச்சிட்டார்கள். தாம்சன் நல்ல துப்பாக்கிதான். ஆனால் போர் தொடங்கிய காலத்தில் ஒன்றின் விலை 200 டாலருக்கு மேல். அதைக் கடைந்து செய்ய நல்ல எந்திரங்களும் தேர்ந்த தொழிலாளரும் நிறைய நேரமும் வேண்டும். போதாக்குறைக்கு, ஏற்றிவந்த கப்பல்களை அட்லாண்டிக்கில் செர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்தன.

உள்நாட்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும் என்ற நிலையில் முதல் முயற்சி எளிய வழியில் சென்றது. எம்.பி. 28-ஐ அப்படியே நகலெடுத்தார்கள். லான்செஸ்டர் என்று பெயரிடப்பட்ட அத்துப்பாக்கியின் தோட்டாப்பெட்டிக் கூடு கனமான பித்தளையால் ஆனது. அடிக்கட்டை நல்ல மரம். பழைய கைவினை மரபில் வந்த அழகான பொருள். பெரும்பாலும் கடற்படைக்குப் போனது. இலட்சக்கணக்கில் செய்வதற்கு அது ஏற்றதாக இல்லை.

உருவாக்கம்

டர்பின் 1940 இறுதியில் வரையத் தொடங்கி, 1941 சனவரி முற்பகுதியிலேயே முதல் மாதிரி தயாராகிவிட்டது. சில வாரங்களில் ஒரு படைக்கருவி தாளிலிருந்து எஃகாக மாறியது என்பது அமைதிக்காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத வேகம்.

இந்த வேகத்துக்குக் காரணம் அவர் தனக்குத் தானே கேட்டுக்கொண்ட கேள்வி. மிகச் சிறந்த துப்பாக்கி எது என்று அவர் கேட்கவில்லை. எவற்றையெல்லாம் நீக்கினாலும் இது சுடும் என்று கேட்டார். உடற்பகுதிக்கு ஓர் எஃகுக் குழாய். அடிக்கட்டைக்குச் சட்டம் போன்ற எஃகு அமைப்பு, அல்லது முனையில் தகடு வைத்த ஒற்றைக் குழாய். பல பாகங்கள் தகட்டை அச்சில் அழுத்தி வளைத்தவை. இணைப்புகள் வெல்டிங்கிலோ ஆணியிலோ. நுட்பமாகக் கடைய வேண்டியவை குழலும் போல்ட்டும் மட்டுமே. குறிபார்க்கும் அமைப்பும் ஒரே தொலைவுக்கு, அதாவது 100 கெசத்துக்கு நிலையாகப் பொருத்தப்பட்டது. தொலைவுக்கேற்ப மாற்ற வழியில்லை.

9 மில்லிமீட்டர் தோட்டாவைத் தேர்ந்ததும் யோசித்துச் செய்ததே. எதிரி பயன்படுத்தியதும் அதே தோட்டா. கைப்பற்றிய தோட்டாவைத் தன் துப்பாக்கியில் இட்டுச் சுடலாம். பின்னாளில், வெளியிலிருந்து தோட்டா கிடைக்காத தலைமறைவுப் போராளிகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது தெரியவந்தது.

இயங்கும் முறை

ஸ்டென் எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் போதும். நியூட்டனின் மூன்றாம் விதியும், நிலைமம் என்ற கருத்தும் தெரிந்தால் சரி.

குழாய்க்குள் போல்ட் எனப்படும் கனமான எஃகு உருளை முன்னும் பின்னும் நகரும். அதன் பின்னால் ஒரு சுருள்வில். கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் சுருள்வில் அழுந்தும். போல்ட்டை ஒரு கொக்கி பிடித்துக்கொள்ளும். விசையை இழுத்ததும் கொக்கி விடுபட, போல்ட் முன்னோக்கிப் பாயும். பாயும் வழியில் பக்கவாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை உருவி, குழலின் வாய்க்குள் தள்ளும். போல்ட்டின் முகத்தில் அசையாமல் பதிந்திருக்கும் சிறு முனை தோட்டாவின் அடியில் மோதும், தோட்டா வெடிக்கும்.

வெடிப்பின் அழுத்தம் குண்டை முன்னால் தள்ளுகிறது. வெற்று உறையையும் போல்ட்டையும் அதே உந்தத்துடன் பின்னால் தள்ளுகிறது. குண்டு சில கிராம். போல்ட் அதைப்போல் பல மடங்கு எடை. எனவே குண்டு விநாடிக்குச் சுமார் 365 மீட்டர் வேகத்தில் வெளியேறிய பிறகே போல்ட் குறிப்பிடத்தக்க தூரம் பின்வாங்கும். பூட்டு எதுவும் இல்லை. போல்ட்டின் எடையே பூட்டு. பின்வாங்கும் போல்ட் வெற்று உறையை வலப்பக்கத் துளை வழியே எறிந்துவிட்டு, மீண்டும் சுருள்வில்லை அழுத்தும். விசையை விடாமல் பிடித்திருந்தால் இதே சுழற்சி நிமிடத்துக்கு 500 முதல் 600 முறை வரை நடக்கும். பெட்டியில் உள்ள 32 தோட்டாக்களும் மூன்றரை விநாடியில் தீர்ந்துவிடும் என்று கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றாகச் சுடவும் ஒரு பொத்தான் உண்டு.

மிக அதிகமாகச் செய்யப்பட்ட மார்க் 2 வகையின் நீளம் சுமார் 76 சென்டிமீட்டர். தோட்டா இல்லாமல் எடை சுமார் 3 கிலோகிராம். குழலையும் அடிக்கட்டையையும் நிமிடத்துக்குள் கழற்றலாம். கழற்றியதை ஒரு கைப்பைக்குள் அடக்கலாம். தோட்டாப்பெட்டி இடப்பக்கம் கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருப்பது பார்ப்பவர் கண்ணில் முதலில் படும் அடையாளம். தரையோடு தரையாகப் படுத்துச் சுடுபவருக்கு இது வசதி. பயன்படுத்தாதபோது பெட்டிக் கூட்டைக் கீழ்நோக்கித் திருப்பினால், உறை வெளியேறும் துளை மூடிக்கொண்டு தூசி புகாது. மலிவான பொருளிலும் இப்படிச் சில புத்திசாலித்தனங்கள் இருந்தன.

குறைகள்

ஸ்டென்னின் மிகப் பெரிய பகை அதன் தோட்டாப்பெட்டி. செர்மன் வடிவத்தைப் பின்பற்றிய இப்பெட்டியில் தோட்டாக்கள் இரண்டு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஆனால் மேல்முனையில் இரண்டு வரிசையும் ஒன்றாகக் குறுகி, ஒவ்வொன்றாகத்தான் வெளியே வர முடியும். அகலமான சாலை திடீரென ஒற்றையடிப் பாலமாகும் இடத்தில் வண்டிகள் முட்டி நிற்பதுபோலத்தான். சிறிது மண் புகுந்தாலும், பெட்டியின் தகட்டு உதடுகள் ஒரு நூலிழை வளைந்தாலும், தோட்டா கோணலாக ஏறித் துப்பாக்கி நின்றுவிடும். அனுபவப்பட்ட வீரர்கள் 32-க்குப் பதில் 28 அல்லது 30 தோட்டாக்களே இட்டார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியையே பிடியாக நினைத்துப் பற்றிச் சுட்டால் அது இன்னும் வளைந்தது. பயிற்சியாளர்கள் அப்படிப் பிடிக்காதே என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். ஆனால் பார்ப்பதற்கு அது பிடி போலத்தான் இருக்கிறது. கை தானாகப் போகிறது. பிடிக்கக் கூடாத இடத்தில் பிடி போன்ற ஒன்றை வைத்தது வடிவமைப்பின் குற்றமே தவிர வீரனின் குற்றம் அல்ல என்பது என் கருத்து.

இரண்டாவது குறை உயிருக்கே ஆபத்தானது. தோட்டாப்பெட்டி பொருத்திய நிலையில் துப்பாக்கி கைதவறி அடிக்கட்டை தரையில் மோதும்படி விழுந்தால், போல்ட் தன் நிலைமத்தால் பின்னுக்குத் துள்ளும். கொக்கி பிடிக்கும் அளவுக்குப் போகாமல், ஒரு தோட்டாவைத் தாண்டும் அளவுக்கு மட்டும் போனால், சுருள்வில் அதை முன்னால் எறியும். விசையைத் தொடாமலேயே துப்பாக்கி சுடும். சுமையுந்திலிருந்து குதித்தபோதும், சுவரில் சாய்த்து வைத்தது சரிந்தபோதும் இப்படி விபத்துகள் நடந்தன. பின்னர் கைப்பிடியை எதிர்ப்பக்கத் துளைக்குள் அழுத்திப் போல்ட்டை முன்னிலையிலேயே பூட்டும் வசதி சேர்க்கப்பட்டது. அதற்குள் பல இலட்சம் துப்பாக்கிகள் களத்துக்குப் போய்விட்டன.

குழாய் வேலைக்காரனின் கெட்ட கனவு என்றும், மலிவுக் கடைச் சரக்கு என்றும், நாற்றத் துப்பாக்கி என்றும் வீரர்கள் இதைக் கேலி செய்தார்கள். குறைந்த விலைப் பொருள்களுக்குப் பெயர்போன வுல்வொர்த் கடையின் பெயரும் இதற்குச் சூட்டப்பட்டது. ஆனால் நல்ல பெட்டி வாய்த்து, அதைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் ஸ்டென் குறைவில்லாமல் வேலை செய்தது என்று சொன்ன வீரர்களும் உண்டு. ஒரு துப்பாக்கிக்கும் இன்னொன்றுக்கும், ஒரு பெட்டிக்கும் இன்னொன்றுக்கும் இருந்த தர வேறுபாடு இந்த இரண்டு கருத்துகளையும் உண்மையாக்கியது.

தயாரிப்பும் வகைகளும்

முதல் வகையான மார்க் 1 சுமார் ஒரு இலட்சம் செய்யப்பட்டது. செய்தது நம் வீடுகளில் தையல் எந்திரமாக அறிமுகமான சிங்கர் நிறுவனத்தின் ஸ்காட்லாந்துத் தொழிற்சாலை. குழலின் முனையில் புகைப்போக்கி போன்ற அமைப்பும் முன்பக்கம் மரத் துண்டும் இதில் இருந்தன. அவையும் தேவையில்லை என்று நீக்கப்பட்டபோது மார்க் 2 பிறந்தது. இவ்வகை மட்டும் 20 இலட்சத்துக்கு மேல். கனடாவின் லாங் பிராஞ்ச் தொழிற்சாலையிலும் இது ஒரு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. பாகங்களைச் சிறுசிறு பட்டறைகள் தனித்தனியே செய்து அனுப்ப, பெரிய தொழிற்சாலைகள் அவற்றைச் சேர்த்துப் பொருத்தின. ஒரு பட்டறை குண்டுவீச்சில் அழிந்தாலும் உற்பத்தி நிற்காது.

மார்க் 3-ஐச் செய்தவர்கள் லைன்ஸ் சகோதரர்கள் நிறுவனத்தார். இலண்டனில் குழந்தைகளுக்கான டிரையாங் பொம்மைகள் செய்தவர்கள் அவர்கள். தகட்டை அச்சில் அழுத்தி, வளைத்து, ஒட்டி, மலிவாகப் பொம்மைக் கார் செய்யும் தொழிலறிவுதான் இங்கே துப்பாக்கிக்குப் பயன்பட்டது. தகட்டைக் குழாயாகச் சுருட்டி மேல்பக்கம் வெல்டிங் செய்தார்கள். குழலைக் கழற்ற முடியாதபடி நிலையாகப் பொருத்தினார்கள். பாகங்களின் எண்ணிக்கை இதில் 48. இவ்வகை 8 இலட்சத்துக்கு மேல் வெளிவந்தது.

ஒரு மார்க் 2-இன் விலை சுமார் 2 பவுன் 10 ஷில்லிங். அன்றைய மதிப்பில் இது 10 டாலர். ஒரு தாம்சனின் தொடக்க விலைக்கு இருபது ஸ்டென். இந்தக் கணக்கைப் பார்த்த எந்த அமைச்சருக்கும் வேறு வழி தோன்றியிருக்காது.

நிலைமை சற்றுச் சீரடைந்த பின் 1944-இல் மார்க் 5 வந்தது. மர அடிக்கட்டை, கைப்பிடி, துப்பாக்கி ஈட்டி பொருத்தும் வசதி என்று பார்வைக்கு மதிப்பான தோற்றம். வான்குடைப் படையினர் அதே ஆண்டு செப்டம்பரில் ஆர்னம் சண்டைக்கு இதையே எடுத்துச் சென்றனர். தோட்டாப்பெட்டி மட்டும் பழையதே. மூலக் குறையைத் தொடாமல் மரம் வைத்து மெருகேற்றியது வருந்தத்தக்கதுதான். ஆனால் பெட்டியை மாற்றினால் ஏற்கெனவே குவிந்திருந்த பெட்டிகளெல்லாம் வீணாகும். சிறப்புப் பணிகளுக்காக ஒலியடக்கி பொருத்திய வகைகளும் செய்யப்பட்டன.

பிராகா, 1942 மே 27

ஸ்டென்னின் வரலாற்றில் மிகவும் பேசப்படும் நாள் இது. அன்று அது சுடவில்லை.

ரைன்ஹார்ட் ஹைட்ரிச் செர்மன் நாசி அரசின் உச்ச அதிகாரிகளுள் ஒருவன். யூதர்களை ஒட்டுமொத்தமாக அழிக்கும் திட்டத்தை ஒருங்கிணைத்தவன். 1941 செப்டம்பர் முதல் செக் நிலப்பகுதியை ஆண்டவன். அவனைக் கொல்வதற்காகப் பிரித்தானியாவில் பயிற்சி பெற்ற சுலோவாக்கியரான யோசெப் கப்சிக், செக் நாட்டவரான யான் குபிஷ் ஆகிய இருவரும் 1941 டிசம்பர் இறுதியில் வான்குடை மூலம் இறக்கப்பட்டனர். ஐந்து மாதம் மறைந்திருந்து காத்திருந்தார்கள்.

பிராகாவின் லிபென் பகுதியில் சாலை கூர்மையாக வளையும் ஓர் இடம். ஹைட்ரிச்சின் திறந்த கார் அங்கே வேகம் குறைத்தாக வேண்டும். கப்சிக் சாலையில் இறங்கி, மறைத்து வைத்திருந்த ஸ்டென்னை நேருக்கு நேர் நீட்டி விசையை இழுத்தார். துப்பாக்கி அசையவில்லை. ஓட்டுநர் விரைந்து போயிருந்தால் ஹைட்ரிச் தப்பியிருக்கலாம். ஆனால் காரை நிறுத்தச் சொல்லி அவன் கைத்துப்பாக்கியை உருவினான். அந்த நொடியில் குபிஷ் எறிந்த குண்டு காரின் பின்பக்கத்தில் வெடித்தது. காயங்களில் நச்சு பரவி சூன் 4 அன்று ஹைட்ரிச் இறந்தான்.

அத்துப்பாக்கி ஏன் சுடவில்லை என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. பெட்டியில் தோட்டா சிக்கியது என்பார்கள். பிரித்து எடுத்துவந்து மேலாடைக்குள் மறைத்தபடி பொருத்தியதில் பிழை என்பார்கள். உறுதியான விடை எட்டப்படவில்லை. விளைவுகள் பதிவாகியுள்ளன. சூன் 10 அன்று லிடிட்சே என்ற சிற்றூரின் ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர், பெண்கள் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர், ஊரே தரைமட்டமாக்கப்பட்டது. சூன் 18 அன்று பிராகாவின் ஒரு தேவாலயத்தில் சுற்றிவளைக்கப்பட்ட கப்சிக், குபிஷ் உள்ளிட்ட ஏழு வான்குடை வீரர்களும் மணிக்கணக்கில் போரிட்டு மடிந்தனர்.

பத்து டாலர் துப்பாக்கிகளில் சில அடைத்துக்கொள்ளும் என்பது தயாரிப்பாளருக்கு ஏற்கத்தக்க விகிதமாக இருக்கலாம். சாலை வளைவில் நின்ற கப்சிக்கிடம் இருந்தது ஒரே ஒரு துப்பாக்கி.

தலைமறைவுப் பட்டறைகள்

ஆயினும் எதிர்ப்பு இயக்கங்களுக்கு ஸ்டென்னை விட்டால் வேறு கதி இல்லை. பிரித்தானியாவின் சிறப்பு நடவடிக்கைத் துறை, உருளை வடிவக் கலங்களில் இவற்றை அடைத்து இரவு விமானங்களிலிருந்து பிரான்சு, நார்வே, டென்மார்க், போலந்து நாடுகளில் இறக்கியது. விவசாயியோ ஆசிரியரோ ஒரு மாலைப் பொழுதில் இதைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொள்ள முடிந்தது.

வந்து இறங்கியது போதாமல், தாங்களே செய்யத் தொடங்கினார்கள். எளிமைக்காக டர்பின் நீக்கிய ஒவ்வொன்றும் இங்கே பலனளித்தது. நீர்க்குழாயும் சாதாரணக் கடைசல் எந்திரமும் உள்ள மிதிவண்டிப் பட்டறையிலும் இதன் பெரும்பகுதியைச் செய்துவிடலாம். டென்மார்க்கிலும் நார்வேயிலும் செர்மன் காவலர்களின் மூக்குக்குக் கீழேயே ஸ்டென் நகல்கள் உருவாயின.

போலந்து இன்னும் ஒருபடி மேலே சென்றது. அங்கே வாட்ஸ்வாவ் சவ்ரோட்னி, செவெரின் வியெலானியெர் என்ற இரு பொறியாளர்கள் ஸ்டென்னின் உள் அமைப்பையும் செர்மன் எம்.பி. 40-இன் வெளித்தோற்றத்தையும் கலந்து புதிய துப்பாக்கியை வடிவமைத்தார்கள். மின்னல் என்று பொருள்படும் போலந்துச் சொல்லே அதன் பெயர். வெல்டிங் வசதி எல்லாப் பட்டறையிலும் இருக்காது என்பதால் பாகங்களைத் திருகு மறையால் இணைத்தார்கள். ஏறத்தாழ 700 துப்பாக்கிகள் செய்யப்பட்டு, 1944 ஆகஸ்டில் வெடித்த வார்சா எழுச்சியில் அவை பயன்பட்டன. பிடிபட்டால் மரணம் என்று தெரிந்தே ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொருவர் கடைந்தார்கள்.

ஆஸ்திரேலியர்கள் ஸ்டென்னை மாற்றியமைத்து, தங்கள் நாட்டின் பெயரையும் சேர்த்து ஆஸ்டென் என்றார்கள். ஆனால் வூலங்காங்கைச் சேர்ந்த எவலின் ஓவன் என்ற இளைஞர் உருவாக்கிய ஓவன் துப்பாக்கி, நியூகினி காடுகளின் சேற்றிலும் அடைக்காமல் சுட்டதால் வீரர்கள் அதையே விரும்பினர். அதில் தோட்டாப்பெட்டி மேலே செங்குத்தாக நிற்கும்.

எதிரியின் நகல்

ஸ்டென்னைக் கண்டு முதலில் ஏளனம் செய்த செர்மானியர்களே கடைசியில் அதை நகலெடுத்தார்கள். 1944-இல் மவுசர் நிறுவனத்துக்கு ஒரு விசித்திரமான ஆணை கிடைத்தது. பிரித்தானிய முத்திரைகள் உட்பட, வேறுபாடு தெரியாதபடி மார்க் 2-ஐச் செய்து தர வேண்டும். பாட்ஸ்டம் கருவி என்பது அத்திட்டத்தின் மறைபெயர். துல்லியத்துக்குப் பெயர்பெற்ற நிறுவனம், மட்டமான வெல்டிங்கை மெனக்கெட்டுப் போலி செய்தது.

1945 தொடக்கத்தில் நிலைமை இன்னும் மோசமானது. முதியவர்களையும் சிறுவர்களையும் திரட்டிய மக்கள் படைக்கு ஆயுதம் தேவைப்பட்டது. ஸ்டென்னை மேலும் எளிமையாக்கி, பக்கத்தில் இருந்த தோட்டாப்பெட்டியைக் கீழ்ப்பக்கம் மாற்றி எம்.பி. 3008 என்ற பெயரில் அவசரமாகச் செய்தார்கள். 1940 கோடையில் பிரித்தானியாவைப் பிடித்த அச்சம் இப்போது இடம் மாறியிருந்தது. அதற்குக் கிடைத்த தீர்வும் அதே துப்பாக்கிதான்.

போருக்குப் பின்

போர் முடிந்தாலும் 40 இலட்சம் துப்பாக்கிகள் உருகிப் போய்விடவில்லை. பாலத்தீனத்தில் யூத ஆயுத அமைப்பான ஹகானா ஸ்டென்னைத் தலைமறைவுப் பட்டறைகளில் செய்தது. மலாயாவில், சப்பானியரை எதிர்க்கும் கெரில்லாக்களுக்காக 136-ஆம் படை என்ற பிரித்தானிய அமைப்பு வானிலிருந்து இறக்கிய ஆயுதங்களில் ஸ்டென்னும் இருந்தது. 1948-இல் அந்தக் கெரில்லாக்களில் கம்யூனிஸ்டுகள் காடுகளுக்குத் திரும்பி பிரித்தானியருக்கு எதிராகப் போரிட்டபோது, புதைத்து வைத்திருந்தவற்றைத் தோண்டி எடுத்தார்கள். இரப்பர் தோட்டத் துரைமார்களும் காவலர்களும் வைத்திருந்ததும் ஸ்டென். அந்தத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழ்த் தொழிலாளர்கள் இரண்டு தரப்பின் ஸ்டென்களுக்கும் நடுவில் வாழ வேண்டியிருந்தது.

பிரித்தானிய இராணுவம் 1953-இல் ஸ்டெர்லிங் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. ஜார்ஜ் பாட்செட் வடிவமைத்த இதிலும் பெட்டி இடப்பக்கம்தான். ஆனால் அது சற்றே வளைந்தது. 34 தோட்டா கொள்வது. உள்ளே உருளைகள் வைத்தது. இரண்டு வரிசையிலிருந்தும் மாறி மாறித் தோட்டா வெளியேறும். ஸ்டென்னின் மூலக் குறை கடைசியில் இங்கேதான் தீர்ந்தது. 1960-களில் ஸ்டென் பிரித்தானியப் படையிலிருந்து முற்றிலும் விலக்கப்பட்டது.

இந்தியாவில்

பர்மா போர்முனையில் இந்தியப் படையினர் தாம்சனுடன் ஸ்டென்னையும் பயன்படுத்தினர். விடுதலைக்குப் பின் நடந்த 1947–48 காஷ்மீர்ப் போரிலும் அதுவே கையில் இருந்தது.

1948 பிப்ரவரி 6 அன்று நவுசேராவை அடுத்த தைந்தாரில், ஒன்பது பேர் கொண்ட ஒரு காவல் நிலையைப் பெரும் எதிரிப்படை தாக்கியது. ராஜ்புத் படைப்பிரிவைச் சேர்ந்த நாயக் ஜதுநாத் சிங் இரண்டு தாக்குதல்களை முறியடித்தார். உடனிருந்தவர்கள் எல்லாரும் வீழ்ந்தோ காயமுற்றோ கிடக்க, மூன்றாம் தாக்குதலின்போது காயத்துடன் தனியாகக் கல்லரணை விட்டு வெளியே வந்து, ஸ்டென்னைச் சுட்டபடி எதிரியை நோக்கிப் பாய்ந்தார். திகைத்த எதிரிகள் பின்வாங்கினர். அவர் குண்டடிபட்டு உயிரிழந்தார். இறப்புக்குப் பின் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. அதே ஆண்டு சூலை 18 அன்று தித்வாலில் வீழ்ந்த கம்பெனி ஹவில்தார் மேஜர் பிரு சிங்கும் அதே விருது பெற்றவர். அவர் கையிலும் ஸ்டென் இருந்ததை விருதுக் குறிப்பு சொல்கிறது.

பின்னர் இந்தியா கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் ஸ்டெர்லிங் வகையை உரிமம் பெற்றுத் தயாரித்தது. 9 மில்லிமீட்டர் கார்பைன் என்பது அதன் அலுவல் பெயர். படையிலும் காவல்துறையிலும் பரவலாகக் காணப்பட்ட இதைப் பேச்சுவழக்கிலும் செய்தித்தாள்களிலும் ஸ்டென் கன் என்றே அழைத்தார்கள். 1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தியைச் சுட்ட இருவரில் சத்வந்த் சிங் வைத்திருந்ததும் ஸ்டென் கன் என்று எழுதப்பட்டது. வழக்கு ஆவணங்கள் அதைக் கார்பைன் என்கின்றன. பழைய தமிழ் நாளிதழ்களைப் புரட்டும் மாணவர்கள், 1960-களுக்குப் பிந்தைய செய்திகளில் ஸ்டென் கன் என்று கண்டால், தோட்டாப்பெட்டி நேராக இருக்கிறதா வளைந்திருக்கிறதா என்று உடன் வந்த படத்தில் பார்ப்பது நல்லது. நேராக இருந்தால் ஸ்டென், வளைந்திருந்தால் ஸ்டெர்லிங்.